பனியில் நிற்கும் பேனல்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழிமுறை

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஆலையில் போன மார்கழியில் நடந்தது. இலை வரத்து இல்லாமல் ஆலை மூன்று நாள் நின்றிருந்தது. நான்காம் நாள் விடியற்காலை ட்ரஃப் (இலை வாட்டும் தொட்டி) விசிறிகளைப் போட்டதும் மெயின் சுவிட்ச் தானாக விழுந்து கரண்டைத் துண்டித்துவிட்டது. ஆலை எலக்ட்ரீஷியன் தம்பி இரண்டு காண்டாக்டரை (மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் காந்த சுவிட்ச்) மாற்றிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "அண்ணே, புதுசு போட்டும் அப்படியேதான் விழுது, கொஞ்சம் வந்து பாருங்க."

போய்ப் பேனலின், அதாவது மோட்டார்களை இயக்கும் மின்பெட்டியின், கதவைத் திறந்தேன். பேனலின் மேல்தகட்டில் உட்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். அது சொட்டிச் சொட்டி பஸ்பாரை (கரண்டைப் பகிரும் செம்புப் பட்டை) தாங்கும் இன்சுலேட்டரின் மேல் ஒரு கோடு போட்டு இறங்கியிருந்தது. கீழே பார்த்தால் கிளாண்ட் பிளேட்டில் (கேபிள் நுழையும் தகடு) இரண்டு துளைகள் மூடாமல் திறந்தே கிடந்தன. பின்னால் கேபிள் வரும் என்று பேனல் கட்டியவர்கள் துளை போட்டு வைத்திருக்கிறார்கள். கேபிள் வரவில்லை, துளையை யாரும் அடைக்கவும் இல்லை. கேபிள் கால்வாயின் ஈரக்காற்று அந்த வழியாக ஏறி, இரவில் சில்லிட்ட தகட்டில் நீராகப் படிந்திருக்கிறது. காண்டாக்டர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இருபது வருடத்துக்கு மேலாக இந்த நீலகிரி மலையில் பேனல் கட்டியும் பழுது பார்த்தும் வருகிறேன். நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை பேனலைக் கட்டிய அன்றே உள்ளே போய் உட்கார்ந்தவை. இங்கிருக்கும் ஈரமும் குளிரும் அவற்றைச் சீக்கிரம் வெளியே கொண்டு வருகின்றன, அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் என்ன சோதிப்பது என்பதோடு, கட்டும்போது எதைச் செய்திருந்தால் அது வந்திருக்காது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கதவைத் திறக்கும் முன்

பேனல் வேலை உரிமம் உள்ளவர்கள் செய்ய வேண்டியது. ஆலையில் வேலை செய்யும் உதவியாளர்கள் இதைப் படித்தால் அறிகுறியைச் சரியாகச் சொல்லப் பயன்படும். கை வைக்க வேண்டியவர் மேற்பார்வையாளரும் வயர்மேனும்தான்.

மெயினை அணைத்தால் மட்டும் போதாது. பூட்டுப் போடுங்கள், சாவியை உங்கள் சட்டைப் பையில் வையுங்கள், 'ஆள் வேலை செய்கிறார், போடாதே' என்ற அட்டையைத் தொங்கவிடுங்கள். அப்புறம் மீட்டரை முதலில் கரண்ட் இருக்கும் வேறொரு இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு பேனலில் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அளந்து, எல்லாம் பூஜ்யம் என்று கண்டபின், மீட்டரை மறுபடி அந்தக் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் மீட்டர் பேட்டரி தீர்ந்து பூஜ்யம் காட்டியிருந்தால் இந்தக் கடைசி அளவில்தான் தெரியும். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள்.

மெயின் அணைந்த பிறகும் பேனலுக்குள் உயிர் இருக்கக்கூடிய இடங்களில் முக்கியமானவை மூன்று. ஒன்று, பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர். அதன் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் அறுந்திருந்தால் மின்னூட்டம் நெடுநேரம் நிற்கும். ஐந்து நிமிடம் காத்திருந்து, அளந்து பார்த்துத்தான் தொட வேண்டும். இரண்டு, வேறு பேனலிலிருந்து வரும் இன்டர்லாக் வயர் (ஒன்று ஓடினால்தான் மற்றது ஓடும்படி கட்டியது). டிரையர் பேனலுக்கு விசிறி பேனலிலிருந்து ஒரு கண்ட்ரோல் ஃபேஸ் வந்திருக்கும், இந்த மெயினை அணைத்தாலும் அது சாகாது. மூன்று, ஜெனரேட்டர். நம் மலையில் காற்று மழைக்கு மரம் விழுந்து லைன் போவது வாடிக்கை. ஆட்டோ சேஞ்ச் ஓவர் இருக்கும் ஆலையில் ஈபி கரண்ட் போன சில நொடியில் ஜெனரேட்டர் தானே எழும். அதையும் பூட்டிய பிறகே வேலை.

பேனல் கட்டுகிறவர்கள் வெளியிலிருந்து வரும் கண்ட்ரோல் வயருக்குத் தனி நிறம் கொடுத்து, அந்த டெர்மினலுக்கு மூடி போட்டு, கதவின் உட்பக்கம் 'வேறு மின்வழி உண்டு' என்று எழுதி ஒட்ட வேண்டும். இதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை

முதலில் இன்கமரில் (கரண்ட் பேனலுக்குள் வரும் இடம்) மூன்று ஃபேஸ் ஜோடியும் அளங்கள். ஆர்-ஒய், ஒய்-பி, பி-ஆர் மூன்றும் 415 வோல்ட்டை ஒட்டி, ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரின் விளக்கு எரியவில்லை என்றால் அது தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். ஒரு ஃபேஸ் இல்லை, அல்லது வரிசை மாறியிருக்கிறது, அல்லது வோல்டேஜ் சமமாக இல்லை. அதை ஷார்ட் செய்து மோட்டாரை ஓட்டாதீர்கள். ஒருநாள் வேலை ஓடிவிடும், அடுத்த நாள் மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போகும்.

மூன்று ஃபேஸும் சரி என்றால் கண்ட்ரோல் சர்க்யூட்டுக்கு, அதாவது காண்டாக்டரை இழுக்க வைக்கும் வயரிங்குக்கு, வாருங்கள். இது கரண்ட் இருக்கும்போது செய்யும் சோதனை. இன்சுலேட்டட் கையுறை, காலடியில் ரப்பர் பாய், பக்கத்தில் ஒரு ஆள், இந்த மூன்றும் இல்லாமல் வேண்டாம்.

மீட்டரின் ஒரு முனையை கண்ட்ரோல் நியூட்ரலில் நிறுத்துங்கள். மறு முனையை ஃபேஸ் போகும் பாதையிலேயே நகர்த்துங்கள். கண்ட்ரோல் எம்சிபிக்கு (தானாக விழும் சிறிய சுவிட்ச்) பின், எமர்ஜென்சி ஸ்டாப்புக்குப் பின், ஓவர்லோட் ரிலேயின் (மோட்டார் அதிகக் கரண்ட் எடுத்தால் நிறுத்துவது) 95-96 முனைகளுக்குப் பின், ஸ்டாப் பொத்தானுக்குப் பின், ஸ்டார்ட்டை அழுத்திய நிலையில் அதற்குப் பின், கடைசியாகக் காண்டாக்டர் காயிலின் ஏ1 முனை (மறு முனை ஏ2). 240 வோல்ட் எந்த இடத்தில் நின்றுபோகிறதோ, அதற்கு முந்தைய இடத்துக்கும் இதற்கும் நடுவில்தான் பிழை. பாதை நீளமாக இருந்தால் நடுவில் ஆரம்பியுங்கள். நடுவில் வோல்டேஜ் வந்தால் முதல் பாதி சரி.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தியபடி ஏ1ஐ எர்த்தோடு அளந்தால் 240 காட்டும், ஏ2ஐ எர்த்தோடு அளந்தாலும் 240 காட்டும், காண்டாக்டர் இழுக்காது. காயில் போய்விட்டது என்று கழற்றிவிடுவார்கள். உண்மையில் காயில் முழுசாக இருப்பதால்தான் அதன் வழியாக ஏ2 வரைக்கும் வோல்டேஜ் வந்து நிற்கிறது. அறுந்தது நியூட்ரல்.

இன்னொன்று பொய் வோல்டேஜ். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை மிக அதிகம். பக்கத்து வயரிலிருந்து தூண்டப்பட்டு வரும் வோல்டேஜையும் அது 60, 90 என்று காட்டும். அறுந்து கிடக்கும் வயரில் 90 வோல்ட்டைப் பார்த்து, 'லோ வோல்டேஜ்' என்று ஈபி மேல் பழி போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். பொய் வோல்டேஜாக இருந்தால் லேம்ப் வைத்ததுமே அது காணாமல் போகும். ஆனால் லேம்ப் எரியாததைக் கரண்ட் இல்லை என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு மேலே சொன்ன முறை மட்டும்தான்.

கட்டும்போது செய்ய வேண்டியது எளிது. எல்லா வயருக்கும் இரண்டு முனையிலும் எண் போட்ட ஃபெருல் (வயரில் மாட்டும் சிறு வளையம்), அதே எண் வரைபடத்தில், வரைபடம் கதவின் பின்னால் உள்ள பையில். ஃபெருல் இல்லாத பேனலில் பிழை தேட ஒரு பகல் போகும். இருந்தால் கால் மணி நேரம்.

அழுத்தும்வரை ஓடுகிறது, விட்டால் நிற்கிறது

காரணம் ஹோல்டிங் காண்டாக்ட், அதாவது பொத்தானை விட்ட பிறகும் காயிலுக்குக் கரண்ட் கொடுக்கும் முனை. காண்டாக்டரின் 13-14, ஸ்டார்ட் பொத்தானுக்குக் குறுக்கே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பேனலாக இருந்தால் வயர் தவறிப்போய் வேறு டெர்மினலில் ஏறியிருக்கும். பழைய பேனலாக இருந்தால் தூசி, அல்லது தேய்ந்த காண்டாக்ட். அந்த முனை உள்ள ஆக்சிலரி பிளாக்கை மட்டும் மாற்றினால் போதும்.

ஸ்டாப் அழுத்தியும் நிற்கவில்லை

உடனே எம்சிசிபியில் (பேனலின் பெரிய சுவிட்ச்) அணையுங்கள். ஸ்டாப்பைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்க வேண்டாம். சிடிசி (இலையை நசுக்கிச் சுருட்டும் இயந்திரம்) ரோலர் பக்கத்தில் ஆள் நிற்கும் ஆலையில் இதைவிட ஆபத்தான அறிகுறி கிடையாது.

காண்டாக்ட் முனைகள் உருகி ஒட்டியிருக்கலாம். காண்டாக்டர் சைஸ் சிறிதாக இருந்தாலோ, அடிக்கடி தட்டித் தட்டி ஓட்டினாலோ, காயில் வோல்டேஜ் குறைந்து காண்டாக்டர் அதிர்ந்துகொண்டே இருந்தாலோ ஒட்டும். அப்படியானால் காண்டாக்டரையே மாற்ற வேண்டும், அரம் போட்டுத் தேய்க்கக் கூடாது.

இன்னொரு காரணம் கண்ட்ரோல் வயர் இரண்டு இடத்தில் எர்த் ஆவது. பொத்தான் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து ஸ்டாப் பொத்தானின் இரண்டு பக்கமும் தகட்டோடு கசிந்தால், பொத்தானை அழுத்தினாலும் கரண்டுக்கு வேறு வழி கிடைத்துவிடும். காயிலின் ஏ2 நேராக நியூட்ரலுக்குப் போக வேண்டும், நடுவில் எந்தப் பொத்தானும் ரிலேயும் வரக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். எல்லா நிறுத்தும் காண்டாக்டும் ஃபேஸ் பக்கமே இருந்து, நியூட்ரல் எர்த்தோடு கட்டியிருந்தால், காயிலுக்குப் போகும் வயர் எர்த் ஆனதும் கண்ட்ரோல் எம்சிபி விழுந்துவிடும். ஏ2 பக்கம் ஸ்டாப் போட்டிருந்தால், அந்த வயர் எங்கோ எர்த்தானால் போதும், காயில் விடவே விடாது. அந்த மாதிரி வயரிங்கைக் கண்டால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

விடியற்காலையில் மட்டும் விழுகிறது, பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது

இது நம் மலைக்கே உரிய வியாதி. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. அது முடிந்தால் உறைபனி. வருடத்தில் ஏதோ ஒரு மாதத்தில் எல்லா ஊரிலும் பேனல் வியர்க்கும்.

ஓடும்போது பேனலுக்குள் இருக்கும் காற்று சூடாகி விரிந்து இடுக்குகள் வழியாக வெளியே போகும். நின்றதும் குளிர்ந்து சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த வெளிக்காற்று பனிமூட்டம் கலந்தது. இரவில் இரும்புத் தகடு சீக்கிரம் சில்லிட்டுப்போகும், ஈரம் அதில் நீராகப் படியும். வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். 'இப்ப நல்லாத்தானே ஓடுது' என்று விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு முறை நனைந்து காயும்போதும் இன்சுலேட்டர் மேல் தூசியும் உப்பும் ஒரு படலமாகத் தங்கும். கசிவு கரண்ட் அந்தப் படலத்தில் கரிக்கோடு போடும். கரிக்கோடு விழுந்த பின் ஈரமே இல்லாவிட்டாலும் அது கடத்தும்.

ஆகவே விடியற்காலையிலேயே, விழுகிற நேரத்திலேயே போய்ச் சோதியுங்கள். எல்லாக் கிளை எம்சிபிகளையும் அணைத்துவிட்டு மெயின் ஆர்சிசிபியை (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். விழாமல் நின்றால் ஒவ்வொரு கிளையாகப் போட்டு வாருங்கள். எந்தக் கிளையில் விழுகிறதோ அதைப் பிரித்து, அதன் கேபிளையும் மோட்டாரையும் 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) தனித்தனியாகப் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழ் இருந்தால் அதை ஓட்டக் கூடாது. மெக்கர் போடும் முன் டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி), டைமர், பிரிவென்டர் போன்ற எலக்ட்ரானிக் பொருட்களின் வயரைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் மெக்கரே அவற்றைக் கொன்றுவிடும்.

கிளைகளை எல்லாம் அணைத்தும் ஆர்சிசிபி நிற்கவில்லை என்றால் அந்தக் கிளைகளின் நியூட்ரலில் ஒன்று எர்த்தில் பட்டிருக்கலாம். சிங்கிள் போல் எம்சிபி நியூட்ரலைத் துண்டிக்காது. நியூட்ரல் லிங்கிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மெயினை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

என் அனுபவத்தில் குற்றவாளி அதிகமும் பேனலுக்கு வெளியே, மோட்டாரின் டெர்மினல் பெட்டியில்தான் இருப்பான். மூடியின் கேஸ்கெட் போய்விட்டிருக்கும், கிளாண்ட் கேபிளைவிடப் பெரிதாக இருக்கும். அடுத்தது ஈரத் தரைக்குப் பக்கத்தில் உள்ள பொத்தான் பெட்டி. மூன்றாவது ஹீட்டர். விடுதிகளில் இருக்கும் வெந்நீர்க் கொதிகலனாகட்டும், ஆலையில் உள்ளதாகட்டும், ஹீட்டர் ராடுக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி பல நாள் சும்மா இருந்தால் ஈரத்தைக் குடித்துவிடும். போட்டதும் ஆர்சிசிபி விழும். ராடைக் கழற்றிக் காயவைத்து மெக்கர் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் ராட் மாற்ற வேண்டியதுதான். ஆர்சிசிபியைக் கழற்றி நேராகக் கொடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 30 மில்லி ஆம்பியரில் அது விழுவது ஆள் உயிரைக் காக்க.

கட்டும்போது செய்ய வேண்டியவற்றை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மலையில் கட்டும் பேனலுக்கும் சமவெளியில் கட்டும் பேனலுக்கும் வித்தியாசமே இதுதான். கேபிள் கீழிருந்துதான் நுழைய வேண்டும். மேலிருந்து நுழைந்தால் தண்ணீர் கேபிளின் மேலேயே வழிந்து உள்ளே வரும். வேறு வழியே இல்லையென்றால் நுழையும் முன் கேபிளைக் கீழே ஒரு வளைவு இறக்கி ஏற்றுங்கள், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கேபிளின் சைஸுக்கேற்ற கிளாண்ட் போடுங்கள், காலித் துளைக்கு அடைப்பான் போடுங்கள், கால்வாயிலிருந்து பேனலுக்கு ஏறும் வாயை சீலிங் காம்பவுண்டால் மூடுங்கள். ஐபி54 (தூசியும் தண்ணீர்த் தெறிப்பும் தாங்கும் தரம்) என்று வாங்கிய பெட்டியில் நாமே ஒரு துளை போட்டு மூடாமல் விட்டால் அது ஐபி54 ஆக இருக்காது.

பேனலின் அடியில் ஒரு ஸ்பேஸ் ஹீட்டர் வையுங்கள், தெர்மோஸ்டாட்டோடு. நடுத்தரப் பேனலுக்கு 60 முதல் 100 வாட் போதும். சூடு மேலே ஏறும் என்பதால் அது அடியில் இருக்க வேண்டும், பிவிசி சேனலையும் வயரையும் ஒட்டாமல் இருக்க வேண்டும். அதன் மின்வழியை மெயினுக்கு முன்னாலிருந்து தனி எம்சிபி வழியாக எடுங்கள். ஆலை நின்று மெயின் அணைந்திருக்கும் நேரத்தில்தான் ஹீட்டர் தேவை. அப்படி எடுத்தால் அதுவும் 'வேறு மின்வழி' என்று கதவில் எழுதப்பட வேண்டும், பேனலில் கை வைக்கும்போது அந்த எம்சிபியையும் சேர்த்துப் பூட்ட வேண்டும்.

காண்டாக்டர் இரைகிறது, படபடவென அடிக்கிறது

காண்டாக்டர் இழுத்திருக்கும்போதே ஏ1-ஏ2வில் அளங்கள். காயில் தன் வோல்டேஜில் 85 சதவீதம் இருந்தால் இழுத்தாக வேண்டும். 240 வோல்ட் காயிலுக்கு 204. அதற்குக் கீழே போனால் படபடக்கலாம்.

குறைவாக இருந்தால் இன்கமரையும் பாருங்கள். இன்கமரிலேயே குறைவு என்றால் லைனின் கடைசியில் இருக்கும் ஆலை அது, பெரிய மோட்டார் எழும் நேரத்தில் இறங்குகிறது. ஈபியிடம் எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். இன்கமர் நன்றாக இருந்து காயிலில் மட்டும் குறைந்தால் நடுவில் எங்கோ லூஸ். நியூட்ரல் லிங்கை முதலில் சந்தேகப்படுங்கள். ஆனால் கரண்ட் இருக்கும்போது நியூட்ரலைக் கழற்றி இறுக்கிப் பார்க்கக் கூடாது. மெயின் நியூட்ரல் விலகினால் ஒரு ஃபேஸில் இருக்கும் விளக்குகளுக்கும் அலுவலகக் கணினிக்கும் 240க்குப் பதில் 300க்கு மேல்கூட ஏறிவிடும்.

வோல்டேஜ் சரியாக இருந்தும் இரைந்தால் காந்த முகத்தில் அழுக்கு. தேயிலை ஆலையில் இது பஞ்சு. தேயிலையைச் சலிக்கும் சிஃப்டர் அறையில் பறக்கும் மெல்லிய நார்த்தூசி எந்த இடுக்கிலும் நுழையும், ஈரம் பட்டால் பசைபோல ஒட்டும். பேனலை அணைத்துப் பூட்டி, காண்டாக்டரைப் பிரித்து, காந்த முகத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெய் வேண்டாம், உப்புக்காகிதம் வேண்டாம். ஷேடிங் ரிங் என்ற செம்பு வளையம் உடைந்திருந்தால் எவ்வளவு துடைத்தாலும் இரையும், மாற்றிவிடுங்கள்.

ஓவர்லோட் அடிக்கடி விழுகிறது

செட்டிங்கைத் தூக்கி வைப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. மோட்டார் எரிவதற்கு அதுதான் நேர்வழி.

கிளாம்ப் மீட்டரால் மூன்று ஃபேஸையும் அளந்து நேம் பிளேட்டோடு ஒப்பிடுங்கள். மூன்றும் சமமாக, ஆனால் அதிகமாக இருந்தால் சுமை உண்மையிலேயே அதிகம். மழைக் கொழுந்து ரோட்டர்வேனில் (இலையை அரைக்கும் இயந்திரம்) கனமாக இறங்கும், பேரிங் இறுகியிருக்கும், பெல்ட் இழுத்துக் கட்டியிருக்கும். ஒன்று மட்டும் வேறுபட்டால் வோல்டேஜைப் பாருங்கள். வோல்டேஜில் 1 சதவீதம் சமமின்மை இருந்தாலே கரண்டில் அதைப்போலப் பல மடங்கு தெரியும். இன்கமரில் சமமாகவும் மோட்டாருக்குப் போகும் வழியில் சமமில்லாமலும் இருந்தால் காண்டாக்டரின் ஒரு முனை கருகியிருக்கும். ஓடும்போது 1-2, 3-4, 5-6 என்று காண்டாக்டின் இரு பக்கமும் மீட்டரை வைத்தால் நல்ல முனையில் மில்லிவோல்ட் கணக்கில்தான் வரும். ஒரு முனையில் வோல்ட் கணக்கில் காட்டினால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

ஸ்டார்-டெல்டா பேனலில் (மோட்டாரைக் குறைந்த கரண்டில் கிளப்பும் வகை) கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள். ஓவர்லோட் ரிலே எங்கே உட்கார்ந்திருக்கிறது? மெயின் காண்டாக்டருக்குக் கீழே, மோட்டாரின் ஆறு வயரில் மூன்றோடு சேர்ந்திருந்தால் அது பார்ப்பது ஃபேஸ் கரண்ட். லைன் கரண்டில் 0.58 மடங்குதான் அதன் வழியாகப் போகும். 15 ஹெச்பி மோட்டார் ஏறக்குறைய 21 ஆம்பியர் எடுக்கும். அங்கே ரிலேயை 12 ஆம்பியரில் வைக்க வேண்டும். 21இல் வைத்தால் லைனில் 36 ஆம்பியர் போகும்வரை ரிலே சும்மா இருக்கும். பேனலுக்கு வரும் லைனிலேயே ரிலே இருந்தால் 21தான் சரி. கட்டியவர் ரிலேயின் பக்கத்தில் எந்தக் கரண்டுக்கு வைக்க வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தால் பின்னால் வருகிறவர் தடுமாற மாட்டார்.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். காற்று மெலிந்தால் சூடு இறங்குவதும் குறையும். டிரைவ்களுக்கு 1,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1 சதவீதம் கரண்டைக் குறைக்கச் சொல்லித்தான் பெரும்பாலான கையேடுகள் எழுதுகின்றன. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர், ஊட்டி 2,240. ஊட்டியில் 12 சதவீதம் போய்விடும். காண்டாக்டர், எம்சிசிபி எல்லாம் சாதாரணமாக 2,000 மீட்டர் வரைக்கும்தான். அதற்கு மேலே கையேட்டில் உள்ள அட்டவணையைப் பார்த்து ஒரு சைஸ் கூட்டி எடுங்கள். கோயம்புத்தூரில் சரியாக ஓடும் வரைபடத்தை அப்படியே மேலே கொண்டுவந்து கட்டாதீர்கள்.

டெர்மினல் கருகுகிறது, பிளாஸ்டிக் வாடை வருகிறது

லூஸ் கனெக்‌ஷன். இறுக்கிவிட்டால் தீராது, கருகிய முனையை வெட்டி எறிந்துவிட்டு நல்ல செம்பு தெரியும் இடத்தில் புது லக் (வயர் முனையில் அடிக்கும் உலோகக் காது) அடிக்க வேண்டும். இன்சுலேஷன் விறைத்துப்போன நீளம் முழுவதும் போக வேண்டும்.

காரணங்கள் எல்லாமே கட்டும்போது நடந்தவை. ஸ்க்ரூவில் நுழையவில்லை என்று பிரிவயரின் நாலு இழையை வெட்டிவிட்டது. 1.5 சதுர மி.மீ. வயரையும் 4 சதுர மி.மீ. வயரையும் ஒரே ஸ்க்ரூவுக்குக் கீழே சொருகியது, பெரியது இறுகும், சின்னது ஆடும். கட்டிங் பிளேயரால் லக்கை நசுக்கியது. ஸ்க்ரூ இன்சுலேஷன் மேல் உட்கார்ந்தது. ஆலைக்கு வரும் அலுமினிய ஆர்மர்டு கேபிளை செம்பு லக்கில் அடித்தது. அலுமினியமும் செம்பும் ஈரத்தில் சேர்ந்தால் அரிக்கும், நம் ஊர் ஈரத்தில் இன்னும் வேகமாக. இரண்டும் சேரும் இடத்துக்கு பைமெட்டாலிக் லக் வேண்டும், அலுமினிய இழையைத் தேய்த்துப் பசை தடவி, சரியான டையில் அடிக்க வேண்டும். அடித்த ஒவ்வொரு லக்கையும் கையால் இழுத்துப் பாருங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது பொருளின் மேலேயே அச்சிட்டிருக்கும், டார்க் ஸ்க்ரூடிரைவரால் அந்த அளவுக்கு இறுக்கி, ஸ்க்ரூ மேலும் பக்கத்திலும் ஒரே கோடாகப் பெயிண்ட் இழுத்துவிடுங்கள். கோடு விலகினால் ஸ்க்ரூ திரும்பியிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

சூடு பார்க்கும் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: பளபளக்கும் செம்பு பஸ்பாரில் அது சூட்டைக் குறைத்துத்தான் காட்டும். பக்கத்து இன்சுலேஷன் மேல் பாருங்கள், அல்லது ஷட்டவுனில் பஸ்பாரில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிவைத்து அதன் மேல் பாருங்கள். தனி அளவைவிட, ஒரே சுமையில் மூன்று ஃபேஸுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் பேசும்.

விசிறி ஓடுகிறது, இலை வாடவில்லை

லைன் சரிசெய்து கரண்ட் வந்த மறுநாள் இப்படிச் சொன்னால் ஃபேஸ் வரிசை மாறியிருக்கிறது. ட்ரஃபில் உள்ள ஆக்சியல் விசிறி தலைகீழாகச் சுற்றினால் காற்று எதிர்ப்பக்கம் போகும், கையை வைத்தாலே தெரிந்துவிடும். டிரையரில் உள்ள சென்ட்ரிஃபியூகல் விசிறியில்தான் ஏமாற்றம். அது தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே வாயில்தான் வரும், பலம் மட்டும் குறைந்திருக்கும். சுற்றும் திசையை உடம்பில் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள்.

எல்லா மோட்டாரும் மாறியிருந்தால் இன்கமரில் இரண்டு ஃபேஸை மாற்றுங்கள், ஒரு மோட்டார் மட்டும் என்றால் அதன் கேபிளில். ஜெனரேட்டரில் ஓட்டும்போதும் அதே திசையா என்று பார்க்காமல் வேலையை முடிக்காதீர்கள்.

கதவைத் தொட்டால் சுருக்கென்கிறது

ஆலையில் வேலை செய்யும் அம்மாக்கள் சொல்லித்தான் இது பெரும்பாலும் தெரியவரும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு முதலில் தெரியும். ரப்பர் பூட்ஸ் போட்ட மேஸ்திரி தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே என்பார். சொன்னவர் சொல்லை நம்புங்கள், பேனலை அணையுங்கள், பிறகு தேடுங்கள்.

இரண்டு பிழை சேர்ந்தால்தான் இது வரும். ஏதோ ஒன்று தகட்டில் கசிகிறது, தகடு எர்த்தோடு சேராமல் இருக்கிறது. கதவுக்கும் பேனல் உடம்புக்கும் நடுவே கீல் மட்டும் போதாது. பெயிண்ட் அடித்த கீல் கடத்தாது. கதவில் பொத்தானும் விளக்கும் இருந்தால் பின்னிய செம்புப் பட்டை ஒன்று கதவிலிருந்து எர்த் பாருக்குக் கட்டாயம் போக வேண்டும், அதை இறுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டியிருக்க வேண்டும். கதவு, கிளாண்ட் பிளேட், மவுண்டிங் பிளேட், கேபிளின் ஆர்மர் (கேபிளைச் சுற்றிய இரும்புக் கவசம்), ஒவ்வொன்றிலிருந்தும் எர்த் பாருக்கு மீட்டர் வைத்தால் ஒரு ஓமுக்கு மிகக் கீழே வர வேண்டும். எர்த் பாரிலிருந்து இரண்டு தனித்தனி எர்த் கம்பி வெளியே போக வேண்டும், மோட்டாருக்கும் அப்படியே இரண்டு. ஒன்று அறுந்துபோனாலும் மற்றொன்று நிற்கும்.

உள்ளே எல்லாம் சரி என்றால் எர்த் குழிக்குப் போங்கள். பாறை மேல் மெல்லிய மண் உள்ள மலைச்சரிவில், மழைக்காலத்தில் நல்ல அளவு காட்டிய குழி மாசி, பங்குனியில் காய்ந்து ஏறிவிடும். அதனால் எர்த் டெஸ்டரை வறண்ட மாதத்தில் வைத்து அளந்து, அந்த அளவைத் தேதியோடு கதவில் எழுதுங்கள். குழியில் கம்பியைச் சேர்த்திருக்கும் நட்டு துருப்பிடித்துக் கழன்றிருப்பதையும் பார்த்திருக்கிறேன். அதை மாற்றி, கசிவு எந்தக் கிளையில் என்று மெக்கரில் பிடித்து, அதைச் சரிசெய்து, கதவிலிருந்து எர்த் பார் வரைக்கும் மறுபடி அளந்து முடிக்கும்வரை, எத்தனை கிலோ கொழுந்து ட்ரஃபில் காத்துக் கிடந்தாலும் அந்தப் பேனலின் பூட்டைத் திறக்க வேண்டாம்.